நியூ ஜெர்ஸி வீட்டுக்கு எந்தப் புல் விதைப்பது?

வேலை நிமித்தமாக அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்குச் சென்ற நம் குடும்பங்கள், சில வருடங்கள் அடுக்குமாடி வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பிறகு கடன் வாங்கியோ சேமித்தோ சொந்தமாகத் தனிவீடு வாங்குகின்றன. குறிப்பாக நியூ ஜெர்ஸியில் இப்படிக் குடியேறியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அங்கே தனிவீடு என்றால் அதோடு நாலாயிரம், ஐயாயிரம் சதுர அடிப் புல்தரையும் சேர்ந்தே வரும். நம் ஊர் வீடுகளில் முற்றம் என்றால் சிமெண்ட் தரை, ஒரு முருங்கை, ஒரு கொய்யா, அவ்வளவுதான். புல்தரையைப் பராமரிக்க யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

ஆனால் அங்கே அது ஒரு பொறுப்பு. புல்லை வெட்டாமல் வளரவிட்டால் பல ஊர்களில் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும். காய்ந்து திட்டுத்திட்டாகக் கிடந்தால் குடியிருப்போர் சங்கம் கடிதம் எழுதும். இதைவிடப் பெரிய பிரச்சினை செலவு. வசந்தகாலத்தில் கடையில் முதலில் கண்ணில் படும் விதை மூட்டையை வாங்கித் தூவுவது, ஆகஸ்டில் வைக்கோல் நிறத்தில் தரையைப் பார்ப்பது, ‘உரம் போதவில்லை, மருந்து போதவில்லை’ என்று இன்னும் பணத்தைக் கொட்டுவது, அடுத்த ஏப்ரலில் அதையே மறுபடியும் செய்வது. இப்படி மூன்று, நான்கு வருடங்களை ஓட்டியவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை. அந்த இடத்துக்குப் பொருந்தாத புல்லை, பொருந்தாத மாதத்தில் விதைத்ததுதான் குறை. எனவே எந்தப் புல் என்ற கேள்வியை முதலில் சரியாகப் பார்த்துவிடுவோம்.

நம் அருகம்புல் அங்கே ஏன் உதவாது?

நமக்குத் தெரிந்த புல் அருகம்புல். வெயிலில் வாடாது, மிதித்தாலும் சாகாது, மழை பெய்தால் இரண்டு நாளில் தழைக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே அருகின் மேம்படுத்தப்பட்ட வகைகளைத்தான் பெர்முடா புல் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வெப்பத்தில் வாழும் புல். நியூ ஜெர்ஸியில் அதை விதைத்தால் அக்டோபர் குளிரில் பழுப்பாகிவிடும். மே மாதம் வரை அப்படியே கிடக்கும். கடுங்குளிர் ஆண்டில் வேரோடு செத்தும் போகும்.

அந்த நிலப்பகுதிக்கு உரியவை குளிர்ப்பருவப் புற்கள். 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பநிலையில் இவை செழிக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வேகமாக வளரும். பனியில் உறங்கும், ஆனால் சாகாது. இவற்றுக்குச் சோதனைக் காலம் கோடைதான். நியூ ஜெர்ஸியில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இரவிலும் புழுக்கம் குறையாது. ஆக, அங்கே புல் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ‘பனியைத் தாங்குமா?’ என்பது அல்ல. கிட்டத்தட்ட எல்லாமே தாங்கும். ‘ஜூலை, ஆகஸ்டைத் தாண்டுமா?’ என்பதே கேள்வி.

நான்கு குடும்பங்கள்

கடையில் ஐம்பது மூட்டைகள் அடுக்கியிருந்தாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் நான்கு வகைதான்.

முதலாவது கென்டக்கி புளூகிராஸ். கென்டக்கி அதன் பூர்வீகமும் அல்ல, அதன் நிறம் நீலமும் அல்ல. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு சேர்ந்து வந்த புல் அது. விளம்பரப் படங்களில் கம்பளம் விரித்தாற்போல் கரும்பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். மண்ணுக்கு அடியில் கிழங்குத் தண்டுகளை ஓட்டிப் பரவுவதால், நடுவில் ஒரு இடம் சேதமானாலும் தானாகவே மூடிக்கொள்ளும். இது பெரிய நன்மை. ஆனால் முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வேர் அதிக ஆழம் போகாது. உரம் அதிகம் கேட்கும், நல்ல வெயில் வேண்டும். கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் பழுப்பாகி உறங்கிவிடும். உறக்கம் என்பது சாவு அல்ல, செப்டம்பர் மழையில் திரும்பவும் பச்சையாகும். ஆனால் அதுவரை பழுப்புத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும்.

இரண்டாவது பெரெனியல் ரைகிராஸ். ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும். மிதிபடுவதையும் நன்றாகத் தாங்கும். அவசரத்துக்கு உதவும் புல் என்று சொல்லலாம். ஆனால் கோடை இறுதியின் புழுக்கத்தில் சாம்பல் இலைப்புள்ளி என்ற பூஞ்சை நோய் வந்தால், சில நாட்களிலேயே தரை முழுவதையும் அழித்துவிடக்கூடியது. இது கொத்தாக வளரும் புல், பரவாது. எனவே செத்த இடம் செத்த இடம்தான்.

மூன்றாவது ஃபைன் ஃபெஸ்க்யூ. தலைமுடி போன்ற மெல்லிய இலைகள். இது ஒரே புல் அல்ல, நான்கைந்து நெருங்கிய இனங்களின் பொதுப்பெயர். உரமும் தண்ணீரும் குறைவாகக் கேட்கும். மரநிழலை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது. தண்ணீர் தேங்கும் ஈரமண்ணும் ஒத்துவராது.

நான்காவது டால் ஃபெஸ்க்யூ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு மேய்ச்சல் புல் வீட்டுக்கு வந்த கதை

1931-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஃபெர்கஸ், மலைச்சரிவில் இருந்த ஒரு பண்ணையில், மற்ற புற்கள் வாடும் காலத்திலும் பச்சையாக நின்ற ஒரு புல்லைக் கண்டு அதன் விதையை எடுத்துச் சென்றார். 1943-ல் அது ‘கென்டக்கி 31’ என்ற பெயரில் வெளியிடப்பட்டது. கால்நடை மேய்ச்சலுக்கான முரட்டுப் புல் அது. அகலமான, சொரசொரப்பான இலை. வறட்சியைத் தாங்குகிறது என்பதற்காகச் சிலர் வீட்டு முன்னாலும் விதைத்தார்கள். பார்வைக்கு வயல் வரப்பு மாதிரி இருக்கும்.

இந்த நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அங்கே பணியாற்றிய ரீட் ஃபங்க் என்ற விஞ்ஞானி 1960-களிலிருந்து பழைய பூங்காக்களிலும், மிதிபட்டும் பிழைத்துக் கிடந்த பழைய புல்தரைகளிலும் தேடி நல்ல செடிகளைச் சேகரித்தார். அவர் 1967-ல் வெளியிட்ட ‘மன்ஹாட்டன்’ என்ற ரைகிராஸ் வகை, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த செடிகளிலிருந்து உருவானது. அதே முறையில் டால் ஃபெஸ்க்யூவிலும் இலை மெலிந்த, அடர்த்தியான செடிகளைத் தேர்ந்து பெருக்கி, 1980-ஐ ஒட்டி ‘ரெபெல்’ என்ற வகை வந்தது. புல்தரைக்கென்றே உருவான முதல் டால் ஃபெஸ்க்யூ அதுதான். அதற்குப் பிறகு வந்தவை இன்னும் மெல்லியவை, இன்னும் கரும்பச்சையானவை.

இந்தப் புல்லின் பலம் அதன் வேர். நல்ல மண்ணில் இரண்டு, மூன்று அடி ஆழம் இறங்கும். அதனால் புளூகிராஸ் பழுப்பாகும் வேளையிலும் இது கீழே உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பல நாட்கள் பச்சையாக நிற்கும். உரமும் குறைவு. ஓரளவு நிழலையும் தாங்கும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.

குறையும் உண்டு. இதுவும் கொத்துப்புல்தான். சில புதிய வகைகள் சிறிதளவு பரவும் என்று மூட்டையில் எழுதுகிறார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். வெற்றிடம் விழுந்தால் இலையுதிர் காலத்தில் நாமே மறுபடியும் தூவ வேண்டும். புழுக்கமான இரவுகளில் பிரௌன் பேட்ச் என்ற பூஞ்சை நோய் வட்ட வட்டமாகப் பிடிக்கும். மாலையில் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் இலையை ஈரமாக வைப்பதும், கோடையில் நைட்ரஜன் உரம் போடுவதும் அந்த நோய்க்கு நாமே வைக்கும் விருந்து.

தண்ணீர்க் கணக்கு

கோடையில் புல் பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்குச் சுமார் ஒரு அங்குல நீர் தேவை. மழை தராததை நாம் தர வேண்டும். கேட்கச் சிறியதாகத் தெரியும். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்பது ஏறத்தாழ 2,360 லிட்டர். ஐயாயிரம் சதுர அடிக்கு 11,800 லிட்டர். அதாவது சென்னையில் வீட்டு வாசலுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று, வாரம் ஒருமுறை, புல்லுக்கு மட்டும்! ஊரிலிருந்து வந்து கோடையில் தங்கியிருக்கும் உம்மா, “இத்தனை தண்ணியும் புல்லுக்கா வாப்பா?” என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்தான்.

வறட்சி ஆண்டுகளில் தோட்டத்துக்கு நீர் ஊற்றும் நாட்களுக்கே கட்டுப்பாடு வருவதும் உண்டு. ஆகவே புல்லைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தண்ணீர்க் கட்டணத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று பொருள். புளூகிராஸை வைத்துவிட்டுத் தண்ணீரை மிச்சப்படுத்த நினைப்பவர் அதை உறங்க விட்டுவிடலாம். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் கொடுத்தால் அடித்தண்டு உயிரோடு இருக்கும். பழுப்பு பிடிக்காது, தண்ணீரும் அதிகம் ஊற்ற முடியாது என்பவருக்கு டால் ஃபெஸ்க்யூவே ஏற்றது.

உங்கள் இடம் எப்படிப்பட்டது?

பக்கத்து வீட்டுப் புல்லைப் பார்த்து விதை வாங்குவது நம்மவர்களிடம் அதிகம். அவர் வீட்டு வெயில் வேறு, அவர் தண்ணீர்க் குழாய் அமைப்பு வேறு, அவர் செலவழிக்கும் நேரமும் வேறு. வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை வீட்டைச் சுற்றி வந்து, எந்த இடத்தில் எத்தனை மணிநேரம் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பந்து விளையாடுவது எங்கே, பெருநாளன்று வரும் நாற்பது ஐம்பது பேரும் நாற்காலி போட்டு உட்காருவது எங்கே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்புறமும் பின்புறமும் ஒரே புல்லாக இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை.

நாள் முழுவதும் வெயில், பிள்ளைகள் நடமாட்டம், தானியங்கி நீர்ப்பாசனம் இல்லை என்றால் டால் ஃபெஸ்க்யூ. நியூ ஜெர்ஸியின் பெரும்பாலான குடும்ப வீடுகள் இந்தக் கணக்கில்தான் வரும் என்பது நமது கருத்து. வெயிலும் உண்டு, நீர்க்குழாய் அமைப்பும் உண்டு, வாரம் தவறாமல் நேரம் ஒதுக்குவோம் என்பவர்கள் புளூகிராஸைத் தாராளமாக வைக்கலாம், அழகில் அதை மிஞ்ச முடியாது. மரத்தடியில் நான்கு, ஐந்து மணிநேர வெயில் மட்டும் கிடைக்கிறது, யாரும் மிதிப்பதில்லை என்றால் ஃபைன் ஃபெஸ்க்யூ. அதற்கும் குறைவான வெயில் என்றால் புல்லை விட்டுவிடுங்கள். மரச்சீவல் பரப்பியோ நிழல்செடி வைத்தோ முடித்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் அங்கே விதை தூவுவது கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

புல்விரிப்பாகச் சுருட்டி விற்பதை வாங்கி விரிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவை திறந்தவெளிப் பண்ணையில் முழு வெயிலில் வளர்ந்தவை. பலவற்றில் புளூகிராஸே அதிகம், ஏனென்றால் அதன் தண்டுப் பின்னல்தான் விரிப்பைக் கிழியாமல் பிடித்து வைக்கிறது. அதைக் கொண்டுவந்து மேப்பிள் மரத்தடியில் விரித்தால் இரண்டாம் வருடம் வெறும் மண்தான் மிஞ்சும்.

கலந்து விதைப்பதா, தனியாகவா?

ஒரே இனத்தின் ஒரே வகையை மட்டும் விதைக்கக் கூடாது. ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். புளூகிராஸில் இந்த ஆபத்து அதிகம். அதன் விதைகளில் பெரும்பாலானவற்றின் கரு, கருவுறுதல் இல்லாமலேயே உருவாவதால், முளைக்கும் செடி தாயின் அச்சு அசலாகவே இருக்கும். எனவே ஒரே இனத்தில் மூன்று வகைகளாவது சேர்ந்த மூட்டையாக வாங்க வேண்டும்.

வேறு வேறு இனங்களைக் கலப்பது இன்னொரு முறை. வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் இடத்தில் புளூகிராஸையும் ஃபைன் ஃபெஸ்க்யூவையும் கலந்து விதைத்தால், வெயிலில் அது, நிழலில் இது என்று அவையே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். டால் ஃபெஸ்க்யூவோடு எடையில் பத்து சதவீதம் புளூகிராஸ் சேர்ப்பதும் நல்ல வழக்கம், விழுந்த வெற்றிடங்களை அது மெல்ல மூடும். பத்து சதவீதம் கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பவுண்டு டால் ஃபெஸ்க்யூவில் சுமார் இரண்டேகால் லட்சம் விதைகள் இருக்கும். ஒரு பவுண்டு புளூகிராஸிலோ இருபது லட்சத்தையும் தொடும். எண்ணிக்கையில் பார்த்தால் அந்தப் பத்து சதவீதம் கிட்டத்தட்ட பாதி!

ரைகிராஸ் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மற்றவை கண் விழிக்கும் முன்பே அது வளர்ந்து நிழல் போட்டு அவற்றை அமுக்கிவிடும். கலவையில் அதன் எடை இருபது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டையின் பின்பக்கம்

முன்பக்கம் இருப்பது படம். பின்பக்கம் இருப்பது சட்டப்படி எழுத வேண்டிய விவரம். விதை விற்பவர் இதையெல்லாம் குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1939-லிருந்து கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. அந்தச் சிறிய எழுத்துச் சீட்டைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

முதலில் வகையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வகை குறிப்பிடப்படவில்லை’ என்றோ, அதன் மூன்றெழுத்துச் சுருக்கமான ‘விஎன்எஸ்’ என்றோ இருந்தால் மலிவான, தரம் தெரியாத விதை என்று பொருள். பெரிய கடைகளில் இன்றும் மலிவாகக் கிடைக்கும் ‘கென்டக்கி 31’ நாம் மேலே சொன்ன அந்த மேய்ச்சல் புல்தான். ‘ஆனுவல் ரைகிராஸ்’ என்பது பட்டியலில் இருந்தால் மூட்டையைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரு பருவத்தில் முளைத்து, அழகு காட்டி, செத்துப்போகும் புல் அது. களைவிதை, பிற பயிர்விதை இரண்டும் பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. ‘விதை அல்லாத பொருள்’ என்ற இடத்தில் சில மூட்டைகளில் ஐம்பது சதவீதம் வரை இருக்கும். விதைமேல் பூசிய பூச்சின் எடை அது. விலையை ஒப்பிடும்போது இதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பரிசோதித்த தேதி ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

தேதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. டால் ஃபெஸ்க்யூ, ஃபைன் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் ஆகியவற்றின் சில வகைகளில் செடிக்குள்ளேயே வாழும் எண்டோஃபைட் என்ற பூஞ்சை இருக்கிறது. தண்டையும் இலையையும் தின்னும் பூச்சிகளை அது விரட்டும். மண்ணுக்குள் வேரைத் தின்னும் வெண்புழுவிடம் மட்டும் அதன் பாச்சா பலிப்பதில்லை. பூச்சிமருந்து தெளித்த தரையில் சின்னப் பிள்ளைகள் தவழ்வதை விரும்பாதவர்கள் எண்டோஃபைட் உள்ள வகை என்று கேட்டு வாங்கலாம். ஆனால் வெப்பமான கிடங்கில் நாள்பட்ட விதையில் அந்தப் பூஞ்சை செத்துவிடும். அதே பூஞ்சை கால்நடைக்குத் தீங்கானது. வெட்டிய புல்லை வீணாக்காமல் யாருடைய ஆட்டுக்காவது போடலாமே என்ற நம் ஊர் யோசனை இங்கே வேண்டாம்.

எந்த வகைப் பெயர் நல்லது? இங்கே பெயர்ப் பட்டியல் தருவதில் பயனில்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை வகைகள் மாறிவிடுகின்றன. தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டம் என்ற அமைப்பு, பல மாநிலங்களில் எல்லா வகைகளையும் அருகருகே விதைத்து ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் கொடுத்து, யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. ஒன்பது சிறந்தது, ஆறுக்கு மேல் ஏற்கத்தக்கது. தேசிய சராசரியைவிட நியூ ஜெர்ஸிக் களத்தின் மதிப்பெண்ணையும், பிரௌன் பேட்ச் நோய்க்கான மதிப்பெண்ணையும் பாருங்கள். கால் புள்ளி, அரைக்கால் புள்ளி வித்தியாசத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது விதைப்பது?

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை. மண் சூடாக இருப்பதால் விதை உடனே முளைக்கும். காற்று குளிர்வதால் நாற்று வாடாது. களைகளின் பருவமும் முடிந்துகொண்டிருக்கும். அடுத்த கோடைக்குள் வேர் இறங்க முழுதாக இரண்டு நல்ல பருவங்கள் கிடைக்கும். ஏப்ரலில் விதைத்தால் வேர் இறங்குவதற்குள் ஜூலை வந்துவிடும். வசந்தத்தில் கிராப்கிராஸ் களைக்குப் போடும் தடுப்பு மருந்து, நாம் தூவிய நல்ல விதையையும் சேர்த்தே முளைக்கவிடாமல் செய்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அதற்கு முன்பே, ஜூலையில், மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலேயே பொதுமக்களுக்கான மண் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. அமில கார அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் நல்லது. குறைந்தால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். ஆயிரம் சதுர அடிக்கு டால் ஃபெஸ்க்யூ என்றால் ஆறு முதல் எட்டு பவுண்டு, புளூகிராஸ் என்றால் இரண்டு முதல் மூன்று பவுண்டு போதும். அதிகம் தூவினால் நாற்றுகள் நெருக்கியடித்து நோயில் விழும். விதை மண்ணைத் தொட வேண்டும், எனவே மேல்மண்ணை வாரியால் கீறிவிட்டுத் தூவுங்கள். முளைக்கும் வரை தினமும் இரண்டு, மூன்று தடவை லேசாகத் தண்ணீர் தெளித்து மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைத்த பிறகு, தடவைகளைக் குறைத்து ஆழமாக ஊற்றிப் பழக்குங்கள்.

நாற்று நான்கு அங்குலத்தைத் தாண்டியதும் மூன்று அங்குலத்துக்கு முதல் வெட்டு. எப்போதுமே ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உரம் போடுவதாக இருந்தால் நவம்பர் 15-க்கு முன் முடித்துவிட வேண்டும். அன்றிலிருந்து மார்ச் 1 வரை வீட்டுப் புல்தரைக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரமிடுவதை நியூ ஜெர்ஸியின் 2011-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.